இடப்பக்க மூலை

படம் எடுக்கிறவர்களைப் போல மோசமான பார்வையாளர்கள் இல்லை என்று எனக்கு ஓர் எண்ணம். கொஞ்சக் காலமாகவே மனதுக்குள் கிடந்து அரிக்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்னமும் 120 என்கிற அகலச் சுருள் பிலிமில் படம் எடுத்துக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் கூட்டம் நாங்கள். ஞாயிறு பின்னேரங்களில் கொக்குவிலில் ஒரு நண்பனின் வீட்டு விறாந்தையில் கூடுவோம். யாராவது புதுப் பிரிண்டை உறையிலிருந்து எடுப்பார். அது மேசையைத் தொடுமுன்னமே கேள்வி வந்துவிடும்: "என்ன லென்ஸ்?" அடுத்தது, "எந்த பிலிம்?" மூன்றாவது, "எத்தினை நிமிசம் கழுவினது?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் படம் பார்த்து முடிந்த மாதிரித்தான். உடனே அடுத்த பிரிண்ட். முதல் படத்தில் இருந்தது நெடுந்தீவுக் கல்வேலியா, நல்லூர்த் தேரா, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவியா என்று பிறகு கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் அது எஃப் 8 இல், அதாவது லென்ஸ் வாய்த் திறப்பு எண் எட்டில், எடுத்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இதில் யாரையும் பெரிதாகக் குறை சொல்லவும் முடியாது. இந்த பிலிம் போடுகிற மீடியம் ஃபோமட் கமராக்களுக்கு அப்படி ஒரு இழுவை இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு யஷிகா மட் 124ஜி. 1970 இல் வெளிவந்த மொடல். மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் தேய்த்த கண்ணாடியில் முற்றம் தெரியும், இடம் வலம் மாறி. பக்கத்து வீட்டுப் பொடியன் சைக்கிளில் கிழக்கே போனால் கண்ணாடியில் மேற்கே போவான். அவனைத் துரத்திக் கமராவைத் திருப்பினால் இன்னும் தூரம் போய்விடுவான். இந்தக் குழப்பம் கைக்குப் பழக மாதக்கணக்காகும். பழகின பிறகு அதைப்போல சுகமும் இல்லை. 1929 இல் ஜெர்மனியின் பிரவுண்ஷ்வைக்கில் ரோலிஃபிளெக்ஸ் செய்தவர்கள் பிரபலமாக்கின அமைப்பு. மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் எடுக்க. எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர்கள் இதைத்தான் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக் கலியாண வீடுகளில் திரிந்தார்கள். இப்படி ஒரு சாமான் மேசையில் இருந்தால் பேச்சு அதைச் சுற்றித்தான் போகும்.

ஆனாலும் ஒரு விசயம். 1969 இல் நிலவுக்குப் போனவர்கள் ஹசல்பிளாட் கமரா கொண்டுபோனார்கள் என்று எங்கள் கூட்டத்தில் பெருமையாகப் பேசாதவர் கிடையாது. நிலவின் தரையில் வைத்து எடுத்த அந்தக் கமராவை அவர்கள் நிலவிலேயே விட்டுவிட்டு, பிலிம் இருந்த பெட்டியை மட்டும்தான் கழற்றிக்கொண்டு வந்தார்கள். பாரம் குறைக்க வேண்டியிருந்தது, அதற்காக. எங்கள் விறாந்தைக் கூட்டம் அங்கே போயிருந்தால் கமராவைக் கொண்டுவந்து பிலிமை விட்டிருப்போம் என்று நான் ஒருமுறை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஐஸ்கட்டி, சுண்ணாம்பு

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஒரு படம் கையில் வருமுன் நாங்கள் படுகிற பாடு அப்படி. யாழ்ப்பாணக் கடைகளில் 120 பிலிம் கிடைக்காது. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ யாராவது வரும்போதுதான் வரும். வருகிறவரிடம் "பெட்டிக்குள்ள போட்டுவிடாதேங்கோ, கையில கொண்டுவாங்கோ" என்று படித்துப் படித்துச் சொல்லவேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டிகளைச் சோதிக்கிற எக்ஸ்ரே, கழுவாத பிலிமைப் புகைப்பிடித்தது போல ஆக்கிவிடும். இப்போது கைப்பைகளுக்கும் சி.டி. ஸ்கானர் வந்துவிட்டது. அதற்குள்ளும் போகவிடக்கூடாது என்று பிலிம் செய்கிற கொம்பனிகளே சொல்கின்றன. மாமிமார் பாவம். சொக்லேட், விற்றமின் குளிசை, சவர்க்காரம் எல்லாவற்றோடும் சேர்த்து, "இதைக் கையால பாத்து விடுங்கோ" என்று பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் இங்கிலீசில் மன்றாடுகிற வேலையும் அவர்கள் தலையில்.

பிறகு கழுவுவது. எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமை ஐடி-11 என்ற டெவலப்பரில் (படத்தை வெளியே கொண்டுவருகிற மருந்து), ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 பாகையில் 13 நிமிடம் கழுவவேண்டும் என்று அட்டவணையில் இருக்கும். இருபது பாகைத் தண்ணீர் எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட வராது. சித்திரை மாதம் கூரைத் தாங்கியிலிருந்து வருவது கிட்டத்தட்டத் தேத்தண்ணித் தண்ணீர். அதனால் ஒரு பேசினில் தண்ணீர் விட்டு, ஐஸ்கட்டியைப் பொலித்தீன் பையில் கட்டி அதற்குள் மிதக்கவிட்டு, போத்தல்களை நடுவில் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்தபடி காத்திருக்கவேண்டும். 24 பாகைக்கு இறங்கினால் எங்களுக்கு அது வெற்றி. அந்தச் சூட்டில் 13 நிமிடம் ஒன்பது நிமிடத்துக்குக் கிட்டக் குறைந்துவிடும். இன்னும் சூடாக இருந்தால் நேரம் மேலும் சுருங்கி, ஊற்றி முடிக்குமுன்னமே பிலிம் ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவுமாக வேகிவிடும். 2022 இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில் ஐஸ்கட்டி தங்கம். பிலிம் சுற்றுகிறதுக்கு வெளிச்சம் தேவையில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அதற்குப் பிறகும் விடாது. குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான். கிணறு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்குள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு, காயப்போட்ட நெகட்டிவிலும் துளித்துளியாக வட்டம் போட்டு நிற்கும். 35 மி.மீ. பிலிமில் அது ஒரு புள்ளி என்று விடலாம். எங்கள் நெகட்டிவ் 56க்கு 56 மி.மீ. பரப்பளவில் சின்ன பிலிமைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். அவ்வளவு இடத்தில் ஒரு சுண்ணாம்பு வட்டம் சரியாக யாருடைய மூக்கு நுனியிலாவது போய்க் குந்தும். ஆகவே கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் பற்றரிக் கடையில் வாங்குகிற காய்ச்சி வடித்த தண்ணீர்.

இவ்வளவையும் தாண்டி வருகிற படத்தைப் பற்றிப் பேசும்போது, தாண்டி வந்த பாதையைப் பற்றியே பேசத் தோன்றுகிறது. நியாயம்தான். நோய் ஆறினவர் மருந்துச் சீட்டைக் காட்டுவது போல. ஆனால் பார்க்க வந்தவர் முகத்தையும் ஒருக்கால் பார்க்கவேண்டாமா?

நெகட்டிவ் வாசிக்கிறவர்

எங்கள் கூட்டத்துக்கு ஒரு ஐயா எப்பவாவது வருவார். எழுபது எண்பதுகளில் நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் 'டச்சிங்' வேலை பார்த்தவர். இப்போதைய பிள்ளைகளுக்கு டச்சிங் என்றால் போனில் விரலால் தேய்ப்பது. அவர் செய்தது ஊசிமுனை மாதிரிச் சீவின பென்சிலால் நெகட்டிவின் மேலேயே வேலை. முகத்தில் இருக்கிற கறுப்புப் பரு நெகட்டிவில் வெளிறிப்போய்த் தெரியும். அந்த வெளிறலைப் பென்சிலால் நுணுக்கமாக நிரப்பினால் பிரிண்டில் பரு மறைந்துவிடும். கண்ணுக்குக் கீழ் கருமை, அம்மைத் தழும்பு, கவலை எல்லாவற்றையும் இப்படி எடுத்துவிடலாம் என்று சொல்லுவார். "கவலையையுமோ?" என்று கேட்டால், "கலியாணப் பேச்சுக்குப் போற படமெண்டா அதைத்தான் முதல் எடுக்கிறது" என்பார். பிலிம் பெரிதாக இருந்ததால் அந்த வேலை இருந்தது. 35 மி.மீ. வந்து, முகம் மிளகளவுக்கு வந்த பிறகு, பென்சில் வைக்க இடமில்லாமல் தொழில் போய்விட்டது.

அவர் வந்த ஒருநாள், வீட்டுக்கார நண்பன் குருநகரில் வலை பொத்துகிற ஒருவரை எடுத்த படத்தை நீட்டினான். நல்ல பிரிண்ட். நாங்கள் எல்லாரும் வழக்கமான மூன்று கேள்வியையும் கேட்டு முடித்திருந்தோம். ஐயா பிரிண்டை வாங்கி, பார்க்காமலே மடியில் வைத்துவிட்டு, "நெகட்டிவ் கொண்டந்தனீரோ?" என்று கேட்டார். கொடுத்ததும் ஓரத்தில் மட்டும் விரல் படப் பிடித்து, வானத்துக்கு எதிராகத் தூக்கி, கொஞ்சம் சரித்து மங்கல் பக்கம் எது, பளபளப் பக்கம் எது என்று பார்த்தார். "தண்ணி சுட்டிருக்குப் போல" என்றார். நண்பன் ஓமென்று தலையாட்டினான். "பெனியன் அடைச்சுப் போச்சு. மடிப்பு ஒண்டும் வராது. முகம் தப்பீட்டுது." அதற்குப் பிறகுதான் எனக்கு வியப்பாக இருந்தது. அவர் முகத்தை விட்டுவிட்டு நெகட்டிவின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மூலையில் நெடுநேரம் நின்றார். "இதில ஒரு பிள்ளை நிக்குது" என்றார்.

நின்றது. வள்ளத்துக்குப் பின்னால், அரை முகம், ஒரு கண். பிரிண்டில் அது இருட்டோடு இருட்டாகக் கிடந்ததால் எடுத்தவன் உட்பட ஒருவரும் கண்டிருக்கவில்லை. ஏன் மூலையைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பெரிய தத்துவம் ஏதும் வரும் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது: "நடுவை எல்லாரும் பாப்பினம். காசு குடுக்கேக்கை குறை சொல்லுற ஆக்கள் மூலையைக் காட்டித்தான் குறைக்கிறவை. திரை முடியிற இடம் தெரியுது, ஸ்ரூல் கால் தெரியுது எண்டு."

அவருடைய ஸ்ரூடியோவில் பெட்டி பெட்டியாக நெகட்டிவ் இருந்ததாம். 1995 ஒக்ரோபர் 30 அன்று போருக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரம் உள்ளிட்ட வலிகாமப் பகுதியே எழுந்து செம்மணிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது பூட்டிவிட்டுப் போனவர்கள். திரும்பி வந்தபோது கட்டடம் இருந்தது, பெட்டிகள் இல்லை. அதைப் பற்றி அவர் கூடப் பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

மயிலிட்டி வீடு

இனி இந்தக் கட்டுரைக்குக் காரணமான படத்துக்கு வருகிறேன். மயிலிட்டியில் ஒரு வீடு. வலிகாமம் வடக்குச் சனம் 1990 இல் வெளியேறினது, பிறகு அது உயர் பாதுகாப்பு வலயமானது, 2017 இல் துறைமுகத்தை அண்டின பகுதி விடுபட்டது, இன்னும் விடாத காணிகள் இருக்கின்றன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பக்கம் போனால் கூரையும் கதவும் யன்னல் நிலையும் போய், சுவர் மட்டும் நிற்கிற வீடுகள் நிறைய. இப்படியான வீடுகளை எடுக்கிறதில் எனக்கு ஒரு தயக்கம் எப்போதும் உண்டு. சுவரில் முளைத்த ஆலங்கன்றும் நிலா மாதிரி ஓட்டையும் சதுரத்துக்குள் அழகாகத்தான் விழும். அழகாக விழுகிறது என்பதுதான் பிரச்சினை. ஆனால் இந்த வீட்டுத் தலைவாசல் தூண்கள் என்னை நிறுத்திவிட்டன. பின்னேர வெயில் கடல் பக்கமிருந்து சாய்ந்து, சுவரை உரசிக்கொண்டு வந்தது. முக்காலியை வைத்து, எஃப் 11 இல் ஒன்று எடுத்துவிட்டு வந்தேன்.

விறாந்தையில் காட்டினேன். 80 மி.மீ. லென்ஸ், எச்பி5, 24 பாகை. நல்ல கூர்மை என்றார்கள். ஸ்கான் செய்து ஒரு நண்பனுக்குப் போனில் அனுப்பினேன். அவன் யாருக்கோ அனுப்ப, அது போய்ப் போய் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு அக்காவின் கையில் நின்றிருக்கிறது. ஒருநாள் இரவு அழைப்பு வந்தது. இன்னார் என்று சொல்லாமலே தொடங்கினா: "தம்பி, உந்தப் படத்தில இடப்பக்கம் கீழ் மூலையில வெள்ளையா ஒண்டு நிக்குதே, அது தொட்டியோ?"

எனக்கு என்ன படம், எந்த மூலை என்று பிடிபடவே நேரம் எடுத்தது. அவவுடைய போனில் இருந்தது சுருங்கிச் சுருங்கிக் கைமாறின படம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். கணினியைத் திறந்து மூல ஸ்கானைப் போட்டேன். அங்குலத்துக்கு 2,400 புள்ளி வீதம் எடுத்தது, ஒரு பக்கத்துக்கு 5,000 புள்ளிக்கு மேல் இருக்கும். இடப்பக்க மூலைக்குப் போனேன். வெட்டாத புல். அதற்குப் பின்னால் கிணற்றுக் கட்டின் ஒரு துண்டு. அதோடு ஒட்டி, உடுப்புத் தோய்க்கிற தொட்டி, பாதி இடிந்து. வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் தொட்டியின் விளிம்பில் சீமெந்து மேடுபள்ளம் எல்லாம் துருத்திக்கொண்டு தெரிந்தது. மேடுபள்ளத்துக்குள் ஏதோ கோடு. இன்னும் பெரிதாக்கினேன். பிலிம் மணி மணியாகத் தெரியத் தொடங்கியது. ஆனாலும் வாசிக்க முடிந்தது. இரண்டு எழுத்து, ஒரு 74.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. அழுகையாக இருக்கும் என்று பயந்துகொண்டு திறந்தேன். சிரிப்பு. சீமெந்து காயுமுன் அவவுடைய அண்ணன் ஈர்க்கால் தன்னுடைய பெயரின் எழுத்தைக் கீறிவிட்டாராம். மேசன் போய் ஐயாவிடம், அதாவது தகப்பனிடம், சொல்ல, ஐயா பூவரசம் தடியால் விளாசினாராம். அண்ணன் இப்போது நோர்வேயில். பேரப்பிள்ளையும் கண்டாச்சு. அந்த அடியை இன்னும் சொல்லிக் காட்டுவாராம். வீட்டில் ஒருவரும் நம்புவதில்லையாம், அவ்வளவு சாதுவான ஐயா அடித்திருக்கமாட்டார் என்று. "இனி நம்புவினம்" என்றா. பிறகு அடுத்த கேள்வி: தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேசி மரம் நின்றது, அடிமரமாவது தெரிகிறதா? தூணில் ஆணி ஒன்று இருந்தது, அரிக்கன் லாம்பு கொழுவுகிறது, அது இருக்கிறதா? நான் தேடித் தேடிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மரம் இல்லை. ஆணி இருந்தது.

என் படத்தை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. தேய்த்த கண்ணாடியில் குனிந்து நின்றபோது நான் பார்த்தது தூணையும் வெயிலையும் மட்டும். தொட்டி அந்தக் கண்ணாடியில் ஒரு கடுகளவுகூட இருந்திருக்காது. ஆனால் லென்ஸ் பார்த்தது, பிலிம் வாங்கி வைத்துக்கொண்டது, கேட்கிற ஆள் வருமட்டும் அது அங்கேயே கிடந்தது.

"அது படத்தைப் பற்றின பேச்சில்லை"

இதை விறாந்தையில் சொன்னபோது வீட்டுக்கார நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த அக்கா கதைச்சது வீட்டைப் பற்றி. படத்தைப் பற்றியில்லை. கிராமசேவகர் தன்ர போனில எடுத்து அனுப்பியிருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பா" என்றான். கெட்டிக்காரத்தனமான வாதம். பல நாள் அதற்குப் பதில் தேடினேன்.

போனில் எடுத்திருந்தாலும் அந்த எழுத்துத் தெரிந்திருக்கலாம். இப்போதைய போன்கள் லேசுப்பட்டவை இல்லை. அதை மறுத்து பிலிமுக்குக் கொடி பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த எழுத்துத் தெரிந்ததற்குக் காரணம் என்ன என்று யோசித்தால், சாய்ந்த வெயில். மத்தியானம் எடுத்திருந்தால் தொட்டி வெறும் வெள்ளைக் கட்டி. எஃப் 11 இல்லாமல், லென்ஸ் வாயை முழுக்கத் திறந்து 3.5 இல் எடுத்திருந்தால் மூலை மெழுகாக இளகியிருக்கும். முக்காலி இல்லாவிட்டால் ஆணி தெரியாது. சூடு இன்னும் நாலு பாகை கூடியிருந்தால் தொட்டியின் விளிம்பு அந்தக் குருநகர்ப் பெனியன் மாதிரி அடைத்துப்போயிருக்கும். எங்களுடைய மூன்று கேள்விக்கும் உண்மையான பதில் அந்த மூலையில்தான் இருந்தது. நாங்கள் கேள்வியைக் கேட்டோம், பதிலை எண்ணாக வாங்கிக்கொண்டோம், அது என்ன வேலை செய்தது என்று மூலைக்குப் போய்ப் பார்க்கவில்லை. லென்ஸைப் பற்றிப் பேசவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படத்துக்குள் போய்விட்டு வந்து பேசலாம் என்கிறேன். டச்சிங் ஐயா "தண்ணி சுட்டிருக்கு" என்று சொன்னதும் தொழில்நுட்பப் பேச்சுத்தானே? அவர் அதைப் பெனியனின் மடிப்பில் பார்த்துச் சொன்னார்.

நண்பன் இதற்கும் ஏதோ சொன்னான். தேத்தண்ணி வந்துவிட்டது.

ஒன்று மட்டும் நடந்தது. இப்போது நான் கூட்டத்துக்குச் சின்னப் பிரிண்ட் கொண்டுபோவதில்லை. கலியாண அல்பம் அடிக்கிற ஒரு கடையில் பெரிதாக அடிக்கக் கொடுக்கிறேன். அங்கே முதல் தடவை சதுரப் படத்தைக் கொடுத்ததும் தம்பி ஒருவர் மிகுந்த அக்கறையோடு மேலும் கீழும் வெட்டி, நீட்டுத் தாளுக்குப் பொருத்தித் தந்தார். "அண்ணை, இல்லாட்டி ரெண்டு பக்கமும் வெள்ளை விழும்" என்றார். வெள்ளை விழட்டும், மூலை வேணும் என்று சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

மூத்த அக்கா

ஸ்காபரோ அக்காவுக்கு மூத்த சகோதரி ஒருவர் சுன்னாகத்தில் இருக்கிறா. இடம்பெயர்ந்த பிறகு மயிலிட்டிக்குப் போகவில்லை. முழங்கால் ஏலாது, போக மனமும் இல்லை. "பெரியக்காவுக்கு ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டுங்கோ, கைகாசு நான் அனுப்புறன்" என்று தங்கை சொல்லியிருந்தா. காசு வேண்டாம் என்றேன். பெரிய பிரிண்டையும், உறையோடு நெகட்டிவையும் கொண்டுபோனேன்.

மூத்த அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை மேசையில் வைத்து, ஒரு கையால் கூரை இருந்திருக்கவேண்டிய இடத்தை மூடிக்கொண்டு பார்த்தா. பிறகு நிமிர்ந்து, "படம் மாறி விழுந்திருக்கு" என்றா. கிணறு வலப்பக்கம்தானாம். இடப்பக்கம் மாட்டுக்கொட்டில். எனக்குச் சட்டென்று நெஞ்சு இடித்தது. நெகட்டிவை ஸ்கானரில் கவிழ்த்து வைத்தால் படம் இடம் வலம் மாறித்தான் வரும், நடக்கக்கூடிய விசயம். அதோடு என் கண்ணில் இருக்கிற ஞாபகம் தேய்த்த கண்ணாடியின் ஞாபகம். அதுவும் மாறித்தான் தெரிந்தது. என் மண்டையை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

நல்லகாலம், நெகட்டிவ் கையில் இருந்தது. போனின் வெள்ளைத் திரையில் வைத்துக் காட்டினேன். பிலிமின் ஓரத்தில் இல்ஃபோர்ட் என்று பெயரும் இலக்கமும் கொம்பனியே அடித்திருக்கும். அந்த எழுத்து நேராக வாசிக்கக்கூடிய மாதிரி இருந்தால் படமும் நேர். எழுத்து நேராக இருந்தது. கிணறு இடப்பக்கம். தொட்டியில் இருந்த அண்ணனின் எழுத்தும் நேராகத்தான் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னேன்.

"உது இங்கிலீசுக் கொம்பனி எழுத்து. அவங்களுக்கு எங்கட கிணறு எந்தப் பக்கமெண்டு என்னண்டு தெரியும்?" என்றா அக்கா.

நான் நின்ற இடம் எது என்று பிறகுதான் யோசித்தேன். படலைப் பக்கம் முழுக்க நாயுருவியும் முள்ளும். வேலி விழுந்திருந்த பக்கத்தால்தான் உள்ளே போயிருந்தேன். தலைவாசலைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னுக்கு நின்று எடுத்திருக்கலாம். அக்காவின் மனதில் இருக்கிற வீடு படலையால் உள்ளே வருகிற வீடு. இதைச் சொல்லிப் பார்த்தேன். பின்பக்கத்தால் வீட்டுக்குள் வருகிற பழக்கம் தங்களுக்கு இல்லை என்று பதில் வந்தது. ரொறன்ரோவுக்கு அழைப்பு எடுத்துப் போனை மேசையில் வைத்தா. தங்கை இடப்பக்கம், அக்கா வலப்பக்கம். பத்து நிமிடத்துக்கு மேல் போயிற்று. மாட்டுக்கொட்டில் எப்போது இடித்தது என்பதில் தொடங்கி, யாருடைய சாமத்தியச் சடங்குக்கு யார் வரவில்லை என்பதுவரை போய்விட்டு, திரும்பக் கிணற்றுக்கு வந்தார்கள். நான் அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் அக்கா பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டைக் கீறினா. படலை, நடை, தலைவாசல், குசினி, கிணறு. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கீறி, கிணற்றை மட்டும் இரண்டு தரம் வட்டம் போட்டா. அடுத்தமுறை போகும்போது படலையடியில் நின்று ஒன்று எடுத்துவரவேண்டுமாம். முள்ளு வெட்டக் கத்தியும் கொண்டுபோகச் சொன்னா.